நிறம் சூடிய கூட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர் எனக்கு இட்ட பணி சற்றுப் புதுமையானது. "நம் காலனிப் பிள்ளைகள் சிலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நிற உடை அணிந்து நிற்க, நம் பிள்ளைகளும் அதே நிறத்தில் நடுவே நிற்கிறார்கள். அது என்ன கூட்டம், எதற்காக அந்த நிறம் என்று பெற்றோருக்கு விளங்கவில்லை. அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். இசைந்தேன். ஆடையைப் பற்றிப் பேசவும் ஒரு மேடையா என்று யாரேனும் நினைக்கலாம். இன்று இம்மண்டபத்தில் பட்டுச் சேலையும் கரை வேட்டியும் அணிந்து வந்திருக்கும் நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த நாளுக்கென்று பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திய உடைக்கு ஒரு பொருள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

பூச்சூடிய படைகள்

ஒரு கூட்டத்தை மற்றொரு கூட்டத்திலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. பழந்தமிழ் நாட்டில் சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்தியையும், பாண்டியர் வேம்பையும் சூடினர். போர்க்களத்தில் இன்ன படை இன்னாருடையது என்று தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். தொல்காப்பியம் இதனைக் கூறுகிறது. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான். மதிலை முற்றுகையிட்டவன் உழிஞை சூடினான். வென்றவன் வாகை சூடினான். பூவைக் கண்டதும் செயல் விளங்கிற்று. இவ்வாறு பூவால் பேசிய மக்களுக்கு, நாடாவாலும் கைக்குட்டையாலும் பேசிய அமெரிக்க மாணவர்களைப் புரிந்துகொள்வது கடினமாக இராது.

அங்கே 'ஃபுட்பால்' என்றால் நாம் கொல்கத்தா மைதானத்தில் காணும் கால்பந்து என்று கருதிவிடக் கூடாது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், வீசுவதும், எதிரியை மோதி வீழ்த்துவதும் அந்த ஆட்டத்தின் இயல்பு. கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் இவ்வாட்டங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் நடக்கும். அன்று அந்தப் பல்கலைக்கழக ஊரில் கடை, தெரு, பேருந்து எங்கும் ஒரே நிறம் தென்படும். பேராசிரியரும் அந்நிறத்தை அணிவார். காய்கறி விற்பவரும் அணிவார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அந்நிறத்தில் ஒரு தொப்பி இருக்கும்.

இந்த வழக்கம் மிக எளிய தேவையிலிருந்து பிறந்தது. 1858-ஆம் ஆண்டு ஹார்வர்ட் கல்லூரியின் படகோட்டிகள் பாஸ்டன் நகரில் ஒரு போட்டிக்குச் சென்றனர். கரையில் நிற்பவர்களுக்குத் தங்கள் படகு எது என்று தெரிய வேண்டுமே என்று எண்ணி, சார்லஸ் எலியட், பெஞ்சமின் கிரௌனின்ஷீல்டு என்ற இருவர் சிவப்புக் கைக்குட்டைகளை வாங்கித் தோழர்களுக்குக் கொடுத்தனர். அந்த எலியட் பிற்காலத்தில் 40 ஆண்டுகள் ஹார்வர்டின் தலைவராக விளங்கினார். அன்று வாங்கிய கைக்குட்டையின் கருஞ்சிவப்பு, 1910-இல் அப்பல்கலைக்கழகத்தின் முறையான நிறமாயிற்று.

1869 நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதிய ஆட்டத்தை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்பர். ஒவ்வொரு பக்கமும் 25 பேர் ஆடினர். சீருடை என்று எதுவும் இல்லை. கோட்டையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டுக் களத்தில் இறங்கினர். ரட்கர்ஸ் மாணவர்கள் மட்டும் சிவப்புத் துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டனர். ஆட்டம் 6-க்கு 4 என்று ரட்கர்ஸ் பக்கம் முடிந்தது. நம் ஊர்க் களத்து மேட்டில் வேலை செய்வோர் தலையில் காணும் அதே முண்டாசுதான் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதல் சீருடை என்று எண்ணும்போது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது.

நிறம் வந்த வழி

ஒவ்வொரு கல்லூரிக்கும் அதன் நிறம் வந்த கதை தனிச் சுவை உடையது. பிரின்ஸ்டனின் முதற்பெருங் கட்டடம் ஆரஞ்சு-நாசோ மரபில் வந்த மூன்றாம் வில்லியம் மன்னரின் நினைவாகப் பெயர் பெற்றது. ஆகவே ஆரஞ்சு நிறமே தமக்கு ஏற்றது என்று 1860-களில் மாணவர்கள் வாதாடிப் பெற்றனர். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1867-இல் ஒரு குழு அமைத்து, வான் நீலத்தையும் மக்காச்சோள மஞ்சளையும் தேர்ந்தெடுத்தனர். உழவர் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தானியத்தின் நிறத்தைத் தன் கொடியில் ஏற்றியது எவ்வளவு பொருத்தம்! டென்னசி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மூர் என்ற மாணவர், 1889-இல் நடந்த விளையாட்டு விழாவுக்காகக் கல்லூரிக் குன்றில் பூத்திருந்த டெய்சி மலரைப் பார்த்து நிறம் கொண்டார். இதழின் வெண்மையும் நடுவட்டத்தின் ஆரஞ்சும் அவ்வூரின் நிறங்களாயின. குன்றின் பூவை அடையாளமாகச் சூடியவர் நம் குறிஞ்சி நிலத்து முன்னோர்க்குத் தூரத்து உறவினர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கதை வேறு வகை. 1885-இல் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில் நடைபெறும் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போக மாணவர் கூட்டம் ரயிலில் ஏறிவிட்டது. உடையில் குத்திக்கொள்ள நாடா வேண்டும் என்று பெண்கள் கேட்டனர். இரண்டு மாணவர்கள் கடைத் தெருவுக்கு ஓடினர். கடைக்காரர், எப்போதும் கையிருப்பில் உள்ள வெள்ளை நாடாவையும், யாரும் வாங்காமல் தேங்கிக் கிடந்த ஆரஞ்சு நாடாவையும் எடுத்துக் கொடுத்தார். விலை போகாத சரக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் கொடி நிறமாயிற்று!

ஆனால் அந்த ஆரஞ்சு நிலைக்கவில்லை. வெளுக்க வெளுக்கச் சட்டைகள் மஞ்சளாயின. எதிரணியினர் மஞ்சள் வயிற்றர் என்று எள்ளினர். மஞ்சள் வயிறு என்றால் அம்மொழியில் கோழை என்று பொருள். 1928-இல் லிட்டில்ஃபீல்டு என்ற பயிற்சியாளர் எளிதில் வெளுக்காத, காவி கலந்த ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் சட்டைகளுக்குச் சாயமேற்றச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் அச்சாயம் கிடைக்காமற் போகவே பழைய நிறமே திரும்பிற்று. 1962-இல் பயிற்சியாளர் டேரல் ராயல் மீண்டும் அந்த ஆழ்ந்த நிறத்தைக் கொண்டுவந்தார். பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி இதனினும் வேடிக்கை. அங்கே 1887-இல் இளஞ்சிவப்பையும் கறுப்பையும் தேர்ந்தெடுத்தனர். வெயில் பட்டு இளஞ்சிவப்பு வெள்ளையாகிவிட்டது. 1890-இல் கருநீலமும் வெள்ளையும் என்று மாற்றிக்கொண்டனர். சாயத்தின் தன்மை அறியாமல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பது காஞ்சிபுரத்துப் பட்டு வாங்கிப் பழகிய நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்னைத் துணியும் அமெரிக்கக் கல்லூரியும்

இங்கே நம் நாட்டுத் தறிக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்ல விரும்புகிறேன். கல்லூரிக் கால்பந்தின் தொடக்க காலத்தில் கருநீல நிறத்தோடு களத்தில் கோலோச்சியது யேல் கல்லூரி. அப்பெயரைக் கொடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தவர். ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பதவி இழந்தவர். அடிமை வாணிகத்தோடும் அவருடைய ஆட்சிக்குத் தொடர்பு இருந்தது. ஆகவே அவரைப் புகழ நான் வரவில்லை. ஆயினும் 1718-இல் அவர் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்குப் புத்தகங்களோடும் மன்னரின் படத்தோடும் ஒன்பது பொதிச் சரக்கையும் அனுப்பினார். கீழ்நாட்டுத் துணிகள் அடங்கிய அப்பொதிகளை விற்ற பணத்தில் கட்டடம் எழும்பிற்று. கல்லூரியும் அவர் பெயரைப் பெற்றது.

அதன் பிறகு 240 ஆண்டுகள் கழித்து, 1958-இல், நம் ஊர்த் துணி வேறொரு வழியில் அமெரிக்கக் கல்லூரிக்குள் நுழைந்தது. நாம் கைலிக்குக் கட்டும் கட்டம் போட்ட கைத்தறித் துணியை, சி. பி. கிருஷ்ணன் நாயர் அவர்களிடமிருந்து ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் வாங்கிச் சென்றார். புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெருங்கடையில் அது சட்டையாகவும் கோட்டாகவும் விற்பனையாயிற்று. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களைச் சென்று சேரவில்லை. இயந்திரத்தில் இட்டதும் சாயம் ஓடிற்று. முறையீடுகள் வந்தன. வணிகர்கள் திகைத்தார்கள். பின்னர், இத்துணியில் சாயம் ஓடுவதே இதன் சிறப்பு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது அழகு பிறக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவுதான்! 'மதராஸ்' என்பது அந்நாட்டு மாணவர் உலகில் ஓர் ஆடையின் பெயராகவே நிலைத்துவிட்டது. டெக்சாஸில் சாயம் போனது இழுக்கு. சென்னைத் துணியில் சாயம் போனது அழகு. எது குறை, எது நிறை என்பதை உலகம் எப்படியெல்லாம் முடிவு செய்கிறது பாருங்கள்!

உடுத்தும் கலை

இனி, அந்த நிறத்தை எவ்வாறு உடுத்துகிறார்கள் என்று பார்ப்போம். தொடக்கத்தில் சட்டை ஆட்டக்காரனுக்கே உரியது. பார்ப்பவர்களுக்கு நாடாவும் சிறு கொடியுமே போதும். 1865-இல் ஹார்வர்ட் பேஸ்பால் வீரர்கள் கல்லூரிப் பெயரின் முதலெழுத்தை மார்பில் தைத்துக்கொண்டனர். நாளடைவில், சிறப்பாக ஆடியவனுக்குக் கல்லூரி வழங்கும் பரிசாக அந்த எழுத்து ஆயிற்று. எழுத்துப் பொறித்த ஸ்வெட்டரைத் தன் காதலிக்குக் கொடுப்பது மாணவனின் பெருமிதமாயிற்று. 1920-களில் ராக்கூன் என்ற விலங்கின் தோலால் ஆன முழு நீள உரோமக் கோட்டு அணிந்து, கையில் கல்லூரிக் கொடி ஏந்தி ஆட்டத்துக்குப் போவது செல்வ மாணவர்களின் மோகமாக இருந்தது.

பழைய மாணவர்கள் திரும்பி வரும் விழா நாளில் பெண்கள் மார்பில் செவ்வந்திப் பூ அணிந்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் அந்தச் செவ்வந்தி இன்று வளர்ந்து பெருகி, முழங்கால் வரை தொங்கும் நாடாக்களும் சிறு மணிகளும் கொண்ட பெரிய அணியாகிவிட்டது. பூ மட்டும் துணிப்பூவாகிவிட்டது. செவ்வந்தியை அன்றாடம் கூந்தலில் வைத்துப் பழகிய நமக்கு இதைக் கேட்டால் புன்னகை வருகிறது.

உடையின் நேர்த்தியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஈடு சொல்வது அரிது. அங்கே 'குரோவ்' என்ற பெயருடைய மரச்சோலை ஒன்று உண்டு. ஆட்ட நாளில் அச்சோலை முழுதும் கூடாரங்கள் எழும். வெள்ளை விரிப்பு, வெள்ளிப் பாத்திரம், கூடாரத்தின் உச்சியில் தொங்கும் சரவிளக்கு என்று ஒரு கலியாண வீட்டின் கோலம் காணப்படும். ஆண்கள் கோட்டும் கழுத்துப் பட்டையும், பெண்கள் சிவப்பிலோ கருநீலத்திலோ அழகிய கவுனும் அணிந்து வருவார்கள். தைத்த உடையின் மேல் அணியின் பெயர் பொறித்த வட்டப் பொத்தான் ஒன்றைக் குத்திக்கொள்வதும் தென் மாநிலப் பெண்களின் வழக்கம்.

நம் பிள்ளைகளுக்கு உதவும் சில குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, நிறத்தின் சாயலை அறிந்து உடுத்த வேண்டும். டென்னசியின் ஆரஞ்சு வேறு. டெக்சாஸின் ஆரஞ்சு வேறு. இரண்டும் ஆரஞ்சுதானே என்று மாற்றி அணிந்தால் எதிரியின் கொடியைப் பிடித்தது போலாகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பழம்பெரும் எதிரி ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். அதன் நிறம் செஞ்சிவப்பு. அவ்விரு அணிகளும் மோதும் நாளில், அம்மா அனுப்பிய அரக்குச் சிவப்புப் பட்டுச் சுடிதாரை அணிந்து மிச்சிகன் மாணவர் வரிசையில் நம் பெண் போய் உட்கார்ந்தால், அவள் மீது கோபப்பட மாட்டார்கள். ஆனால் அன்று முழுதும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்!

இரண்டாவது, ஒரு நிறத்தை முதன்மையாகக் கொண்டு மற்றொன்றைச் சிறிதளவே சேர்ப்பது அழகு. சேலைக்கு உடலும் கரையும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். மூன்றாவது, தட்பவெப்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். செப்டம்பரில் தென் மாநிலங்களில் வியர்த்துக் கொட்டும், பருத்தியே தக்கது. நவம்பரில் வட மாநிலங்களில் பனி பெய்யும். உள்ளே இரண்டு மூன்று அடுக்குக் கம்பளி அணிந்து, மேலே தெரியும் உடையில் நிறத்தைக் காட்ட வேண்டும். புல்தரையில் பல மணி நேரம் நிற்க நேர்வதால் கூரிய குதிகால் செருப்பு மண்ணில் புதையும். பல அரங்குகளில் உள்ளிருப்பது தெரியும் கண்ணாடி போன்ற பைகளையே அனுமதிக்கிறார்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நான்காவது, பணம். கடையில் விற்கும் முத்திரைச் சட்டையின் விலையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அந்த நிறத்தில் ஒரு சாதாரணச் சட்டை, ஒரு துப்பட்டா, தலையில் ஒரு நாடா இருந்தால் போதும். 1858-இல் கைக்குட்டை செய்த வேலையை அதுவும் செய்யும்.

கடலாகும் கூட்டம்

தனித்தனியே உடுத்திய நிறம் ஒன்றாகச் சேரும்போது ஏற்படும் காட்சியைச் சொல்லில் அடக்க முடியாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் மாணவர் பகுதியினர் அனைவரும் வெள்ளை அணிந்து வந்தனர். 2007-இல் அரங்கம் முழுவதுமே வெள்ளை உடுத்திற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே வெண்மையாய்ப் பொங்கி எழுந்து ஆரவாரிப்பதைக் கேட்டு எதிரணியினர் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாமல் தடுமாறுவார்கள். டென்னசியில் 2014-இல், ஒரு பகுதியினர் ஆரஞ்சும் அடுத்த பகுதியினர் வெள்ளையும் என்று முறை வைத்து அணிந்து, அரங்கத்தையே சதுரங்கப் பலகை போலாக்கினர். தன் உடை தனக்கு அழகாக இருந்தால் போதும் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தால் இது நடந்திராது. அருகில் இருப்பவன் யார் என்று தெரியாமலேயே அவனோடு ஒத்துப்போக இசைந்த மனம் வேண்டும்.

நிறத்தின் நிழல்

இவ்வளவு சொன்ன பிறகு, இதன் மறுபக்கத்தை மறைப்பது முறையாகாது. மரச்சோலையின் நேர்த்தியைப் புகழ்ந்த அதே மிசிசிப்பி பல்கலைக்கழகம், 1893-இல் ஹார்வர்டின் சிவப்பையும் யேலின் நீலத்தையும் சேர்த்துத் தன் நிறங்களாகக் கொண்டது. ஆனால் அந்தச் சிவப்பையும் நீலத்தையும் மாணவராக அணியும் உரிமை கறுப்பின மக்களுக்கு இல்லை. 1962 செப்டம்பர் 29-ஆம் நாள் ஜாக்சன் நகரில் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் மாநில ஆளுநர் ராஸ் பார்னெட் பேசினார். அரங்கமெங்கும், அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டரசின் கொடிகள் அசைந்தன. மறுநாள் இரவு, ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் அங்கே மாணவராகச் சேர்வதை எதிர்த்துப் பல்கலைக்கழக வளாகத்தில் பெருங்கலகம் மூண்டது. இருவர் உயிரிழந்தனர். அக்டோபர் 1-ஆம் நாள் மெரிடித் மாணவராகப் பதிவு செய்துகொண்டார். 1963-இல் பட்டம் பெற்றார். 1972-இல்தான் பென் வில்லியம்ஸ், ஜேம்ஸ் ரீட் என்ற இரு கறுப்பின வீரர்கள் அவ்வணியின் சட்டையை அணிந்து ஆடினர். கொடிக் கம்புகளை அரங்கத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று 1997-இல் தடை விதித்த பின்னரே அந்தக் கொடிக் காடு மறைந்தது.

நூற்றுக்கணக்கானோர் நேர்த்தியாக உடுத்தி, இனிமையாகப் பேசி, விருந்து படைத்து மகிழ்ந்த இடத்தில் இக்கொடுமையும் நிலவியது. நிறம் ஒற்றுமையைக் காட்டும்; ஆனால் அந்த ஒற்றுமைக்குள் யார் அனுமதிக்கப்படவில்லை என்பதை நிறம் தானாகச் சொல்லாது. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. புகழ்பெற்ற வீரர்களின் எண் பொறித்த சட்டைகளை வாங்கி ரசிகர்கள் உடுத்தினர். பல்கலைக்கழகங்களும் வணிகர்களும் பொருள் ஈட்டினர். எலும்பு முறிய ஆடிய மாணவனுக்கோ, கல்வி உதவித் தொகைக்கு மேல் அந்தச் சட்டையால் ஒரு காசும் இல்லை. 2021 ஜூலை முதல்தான் தம் பெயராலும் உருவத்தாலும் வீரர்கள் பொருள் பெறலாம் என்ற நிலை வந்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்க வழி பிறந்தது. நெய்தவனுக்குக் கூலி, உடுத்தியவனுக்கு அழகு என்றிருப்பதே நியாயம். ஆடியவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்றிருந்தது நெடுங்காலம்.

நம் ஊரும் நாமும்

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இவற்றைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பச்சையும் அரக்குச் சிவப்பும் மோகன் பகானின் நிறங்கள். சிவப்பும் பொன்னும் ஈஸ்ட் பெங்காலின் நிறங்கள். கறுப்பும் வெள்ளையும் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் நிறங்கள். 1911-இல் மோகன் பகான் வீரர்கள் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றை 2-க்கு 1 என்று வென்ற கதையை இவ்வூர்க் குழந்தையும் அறியும். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வீடும் நிலமும் இழந்து இந்நகருக்கு வந்து சேர்ந்தவர்கள், அந்தச் சிவப்பிலும் பொன்னிலும் தம் ஊரைக் கண்டார்கள். முகவரி இல்லாதவனுக்கு அந்த நிறமே முகவரி ஆயிற்று. அவ்வணி வென்ற நாளில் சந்தையில் இலீஷ் மீன் விலை ஏறுவதையும், மறு அணி வென்றால் இறால் விலை ஏறுவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இப்போது, நம் காலனித் தாயார் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "என் மகன் அங்கே போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஊர் நிறத்தை உடுத்திக்கொண்டு அந்த ஊர்ப் பாட்டைப் பாடுகிறான். நாளை நம்மை மறந்துவிடுவானோ?" என்று கேட்டார். அந்த அச்சம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. பிள்ளையைப் பிரிந்த ஒவ்வொரு தாயின் உள்ளத்திலும் அது இருக்கும்.

அத்தாயாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அம்மா! முன்பின் தெரியாத ஊரில், மொழியின் ஒலியே மாறுபட்ட இடத்தில், தங்கள் மகன் தனியே அறையில் அடைந்து கிடக்கவில்லை. ஒரு சட்டையை அணிந்துகொண்டு வெளியே வந்தான். பக்கத்தில் இருந்தவர் அவனுடைய சாதியைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, நிறத்தைப் பார்த்தார், தோளில் கை போட்டார். கறுப்பின இளைஞருக்கு அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில் நெடுங்காலம் மறுக்கப்பட்ட அந்தக் கை, இன்று தங்கள் மகனுக்குக் கிடைத்திருக்கிறது. அது கிடைப்பதற்காக மெரிடித் போன்றோர் பட்ட துன்பத்தை அவன் அறிந்துகொள்ளட்டும். அறிந்தபின் அச்சட்டையை இன்னும் பெருமிதத்தோடு உடுத்தட்டும். கட்டிய சேலைக்கு மேல் போர்த்திய சால்வையால் சேலை மறைந்து போவதில்லை. தாங்களும் இவ்வூருக்கு வந்தபின் துர்கா பூஜைக்குச் சிவப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலை உடுத்தியதில்லையா? அதனால் பொங்கலை மறந்தீர்களா?

அவரிடம் சொன்னதை நான் நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கமும் ஒரு நிறந்தான். வேட்டியும் பட்டும் மல்லிகையும் நம் நாடாவும் கொடியும் ஆகும். இவற்றை அணிந்து நாம் கூடும்போது நம் உள்ளம் விம்முகிறது. அது நல்லது. ஆனால் வாயிலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறோமா? தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள், "தமிழ் சரியாக வராது" என்று கூச்சப்பட்டு விழாவுக்கு வராமல் இருக்கிறார்கள். வேற்று மொழியினரை மணந்த நம் பெண்கள், கணவரை அழைத்து வந்தால் யார் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறார்கள். நம் வீடுகளில் வேலை செய்து பிழைக்கவும், கட்டடம் கட்டவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் இந்நகரில் உண்டு. அவர்களுள் எத்தனை பேரை இந்த மண்டபத்தில் காண்கிறோம்? அந்நியருக்குக் கதவு திறந்த அரங்கத்தைக் கண்டு மகிழும் நாம், நம் அரங்கத்தின் கதவைச் சற்று அகலத் திறந்து வைக்க வேண்டாமா?

ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்குப் பட்டு வேண்டும், பொன் வேண்டும் என்று யாரும் எண்ணாதபடி, ஏழையும் செல்வரும் ஒருங்கே உடுத்தக் கூடிய எளிய அடையாளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது கைத்தறித் துண்டாக இருக்கலாம். கரையில் ஒரு நிறமாக இருக்கலாம். நம் நெசவாளருக்கும் அதனால் சில நாள் வேலை கிடைக்கும். வாயிலில் நின்று, வருகிறவர் எவராயினும், அவர் தமிழ் எப்படியாயினும், அவர் தோளில் அதை நாமே போர்த்தி உள்ளே அழைத்து வருவோம். சிவப்புக் கைக்குட்டையை வாங்கிய அந்த இரு மாணவர்கள் தமக்காக மட்டும் வாங்கவில்லை. தோழர்கள் அனைவருக்குமாக வாங்கினார்கள். அதனால்தான் அது ஒரு கல்லூரியின் நிறமாயிற்று.